நாற்பதாயிரம் ரூபாயும் ஒன்பதாயிரம் கன அடியும்

தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். அதை விற்கும் கடைகளில் கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை ஒன்று இருக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, தரையில் தடித்த கம்பளம், சுவரெல்லாம் துணி ஒட்டிய பலகை. கதவைச் சாத்திவிட்டு விற்பனையாளர் ஒரு சண்டைக் காட்சியைப் போடுவார். எட்டங்குலப் பெட்டி ஒன்று நம் நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கும். “சார், எட்டங்குலமே இப்படி என்றால் பத்தங்குலத்தை யோசித்துப் பாருங்கள்” என்பார். அங்கேயே பில் போட்டுவிடத் தோன்றும். அதே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஹாலும் சாப்பாட்டு இடமும் சமையலறையும் மாடிப்படியும் தடுப்பே இல்லாமல் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் வைத்தால், டி.வி.க்குப் பக்கத்தில் எதுவோ முனகுகிறது என்பதற்கு மேல் ஒன்றும் நடக்காது. கடைக்காரர் ஏமாற்றவில்லை. நெஞ்சை உலுக்கியது பெட்டியும் அந்த அறையும் சேர்ந்துதான். அறை விலைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

கோவையில் என் தங்கை வீடு அப்படிப்பட்டது. கட்டும்போதே நடுச்சுவர் எதுவும் வேண்டாம் என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்துவிட்டார்கள். வெளிச்சமும் காற்றும் தாராளமாக வரும் வீடு. குடியிருக்க அதில் ஒரு குறையும் இல்லை. ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ஏ.வி. ரிசீவரும் முன்பக்க ஸ்பீக்கர்களும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார் மாப்பிள்ளை. “மச்சான், நாற்பதாயிரத்துக்குள் ஒரு சப்வூஃபர் சொல்லுங்கள்” என்று போனில் கேட்டார். ஒலி சம்பந்தமாக யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் என்னிடம் கேட்பது எங்கள் குடும்ப வழக்கம். எனக்கு அதற்கு என்ன தகுதி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மாடல் பெயரைச் சொல்வதற்கு முன் வீட்டை அளக்கச் சொன்னேன். ஹால் 24க்கு 16 அடி. அதன் நீளப் பக்கம் ஒன்றில் சுவரே கிடையாது. அங்கிருந்து சாப்பாட்டு இடமும் சமையலறையும் 20க்கு 14 அடி விரிகின்றன. கூரை உயரம் 10 அடி. ஹாலுக்கு 3,840 கன அடி, அடுத்த பகுதிக்கு 2,800. மாடிப்படிக் கூடம் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்திருக்கிறது. அது 12க்கு 10, உயரம் 20, ஆக 2,400. மொத்தம் 9,040 கன அடி. அதே வீட்டுப் படுக்கையறை 1,320 கன அடிதான். ஏறக்குறைய ஏழு படுக்கையறைகளுக்கு ஒற்றைப் பெட்டி போதுமா என்பதுதான் மாப்பிள்ளை கேட்ட கேள்வி. அவருக்கே அது தெரியாது. சோபாவும் டி.வி.யும் இருக்கிற இடத்தை மட்டும் அளந்து “என் ஹால் 3,800 கன அடி” என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சோபா எங்கே முடிகிறது என்பது தாழ்ந்த ஒலிக்குத் தெரியாது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர், 20 ஹெர்ட்ஸுக்கு 17 மீட்டர். திறந்திருக்கும் ஒவ்வொரு வழியிலும் அது போய்க்கொண்டே இருக்கும்.

கடையின் கண்ணாடி அறையில் என்ன நடந்தது என்பதை இந்த அலைநீளத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஓர் அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அலை நீண்டுவிட்டால், அறைக்குள் அலை என்று ஒன்று ஓடுவதே இல்லை. அறையிலுள்ள காற்று மொத்தமும் ஒன்றாக அழுந்தி ஒன்றாகத் தளர்கிறது. பன்னிரண்டடி அறையில் அது சுமார் 47 ஹெர்ட்ஸில் தொடங்கும். அதற்குக் கீழே, நன்றாக மூடிய அறை என்றால், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும்போது, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும்போது, அறை தன் பங்குக்கு 12 டெசிபெல் வரை தூக்கிக் கொடுக்கும். எட்டங்குலப் பெட்டி தானாகச் செய்ய முடியாததை அறை செய்துவிடுகிறது. காருக்குள் சின்ன சப்வூஃபர்கூட இடி இடிப்பதற்கும் இதுவே காரணம். கார் வூஃபரைக் கழற்றி வீட்டுப் பெட்டியில் பூட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்ததும் இதனால்தான். தங்கை வீட்டில் இந்த உதவி சுத்தமாகக் கிடையாது. பெட்டி தன் காலில் நிற்க வேண்டும்.

ஆனால் நம் வீடுகளுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. அங்கே பல வீடுகளில் உள்சுவர் என்பது மரச் சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த ஒலியில் அது வளைந்துகொடுத்து ஒரு பங்கை விழுங்கிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படி விழுங்குவதில்லை, வந்ததைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால் அவர்கள் கணக்கில் ‘போதாது’ என்று வருவது இங்கே கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். அதற்கு விலையும் உண்டு: அறைக்குள் சில சுருதிகள் வீங்குவதும் சில சுருதிகள் காணாமல் போவதும் நம் வீடுகளில் கடுமையாக இருக்கும். அவர்களுடைய மரத் தரைபோல நம் டைல்ஸ் தரை காலடியில் அதிரவும் செய்யாது.

இனி வாட் கணக்கு. அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. 2,000 வாட், 5,000 வாட் என்று அச்சடித்த காலம் பலருக்கும் நினைவிருக்கும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 40 வாட்டைத் தாண்டாது. அந்த எழுத்துகள் இப்போது குறைந்துவிட்டன, ஆனால் வாட்டைப் பார்த்துச் சப்வூஃபர் வாங்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. 150 வாட் பெட்டிக்கும் 300 வாட் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், 3 டெசிபெல். அரை டெசிபெல்லாக ஏறும் ரிசீவரின் ரிமோட்டில் அது ஆறு தட்டு. அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பார்க்க வேண்டியது பெட்டி எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பது. கோன், அதாவது வூஃபரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு, அதன் பரப்பையும் அது முன்னால் போகும் தூரத்தையும் பெருக்கினால் விடை வந்துவிடும். பத்தங்குல வூஃபரில் உண்மையாக அசையும் பரப்பு சுமார் 340 சதுர சென்டிமீட்டர். பன்னிரண்டங்குலத்தில் 500 அளவில் வரும், பதினைந்தில் 850. நல்ல பன்னிரண்டங்குலக் கோன் 12 மில்லிமீட்டர் முன்னால் போகிறது என்று வைத்துக்கொண்டால் 0.6 லிட்டர், ஓர் ஆவின் பால் பாக்கெட்டைவிடச் சற்றே அதிகம். ஒன்பதாயிரம் கன அடி வீட்டை உலுக்க நம் கையில் இருப்பது இவ்வளவுதான். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே ஒலியளவுக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 60 ஹெர்ட்ஸில் சிரிக்கும் பெட்டி 30 ஹெர்ட்ஸில் திணறுவதற்கு இந்த நான்கு மடங்குதான் காரணம். ஆம்ப்ளிஃபயரில் எவ்வளவு வாட் இருந்தாலும் கோன் போகிற தூரம் முடிந்துவிட்டால் முடிந்ததுதான்.

கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது பெட்டியின் எடையை. சற்று விநோதமாகப் பார்ப்பார்கள். இன்றைய டி வகுப்பு ஆம்ப்ளிஃபயர் கையளவுதான் இருக்கும், அதற்கு எடையே கிடையாது. ஆகவே பெட்டியின் எடை என்பது காந்தமும் பலகையும்தான். விளம்பரத்தில் வாட்டை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம்; பார்சல் கம்பெனி எடையில் அந்த விளையாட்டு நடக்காது. பன்னிரண்டங்குலம் என்று சொல்லிவிட்டுப் பத்துக் கிலோ என்றால் நான் அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 150 ஹெர்ட்ஸ் வரை’ என்று போட்டிருந்தால், எத்தனை டெசிபெல் இறக்கத்துக்குள் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால் அந்த 20க்கு அர்த்தம் இல்லை. சி.இ.ஏ.-2010 என்ற முறைப்படி அளந்த எண்கள் சில மாடல்களுக்குக் கிடைக்கும். ஒவ்வொரு சுருதியிலும் பெட்டி உருக்குலையாமல் அதிகபட்சம் எத்தனை டெசிபெல் தருகிறது என்று அது சொல்லும். அப்படி ஓர் அட்டவணை கிடைத்துவிட்டால் மற்ற விளம்பர வரிகளைப் படிக்க வேண்டியதில்லை.

அடுத்தது, மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா? இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 1954இல் எட்கர் வில்ச்சர் ஏ.ஆர்.-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, காற்றுப்புகாமல் மூடிய சின்னப் பெட்டியிலிருந்தும் ஆழமான தாழ்ந்த ஒலியை எடுக்க முடியும் என்று காட்டினார். அழகான வேலை அது. ஆனால் அதற்கு விலையாகத் திறனைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஒலிக்கு அதிக மின்சாரம் வேண்டும். கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் கம்பெனியின் மூன்று நிறுவனர்களில் ஒருவரான ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன் இதை ஒரு விதியாகவே சொல்லிவிட்டார்: சின்னப் பெட்டி, ஆழமான ஒலி, அதிகத் திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே நேரத்தில் கேட்கலாம். பணம் குறைவு, அறை பெரிது என்றால் நாம் விட்டுக்கொடுக்கக்கூடியது முதலாவதை மட்டும்தான். பெரிய பெட்டி, அதில் பெரிய துளை. துளை இசைந்திருக்கும் சுருதியின் அருகே கோன் ஏறக்குறைய அசைவதே இல்லை. துளைக்குள் இருக்கும் காற்று அந்த வேலையைச் செய்கிறது. நம் பால் பாக்கெட் அங்கே பெரிதாகிவிடுகிறது. அந்தச் சுருதிக்குக் கீழே ஒலி சட்டென்று, ஸ்தாயிக்கு 24 டெசிபெல்லாக, விழுந்துவிடும். மூடிய பெட்டி 12 டெசிபெல்லாக மெதுவாக இறங்கும். சின்ன அறையில் அந்த மெதுவான இறக்கத்தை அறை ஈடுகட்டிவிடும் என்பதால் அங்கே மூடிய பெட்டி நல்ல தேர்வு. திறந்த ஹாலில் ஈடுகட்ட ஆள் இல்லை. துளைப் பெட்டியில் ‘தெளிவு’ போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. மோசமாகச் செய்த துளைப் பெட்டியில் போகும், உண்மைதான்.

எவ்வளவு ஆழம் வரை வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் “இருபது ஹெர்ட்ஸ்” என்றார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். எண்பதுகளின் பாட்டுகளில் நாம் ரசிக்கும் பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். பியானோவின் கடைசிக் கட்டை 27.5. அதற்கும் கீழே போவது தேவாலயங்களின் பெரிய குழாய் ஆர்கனும் சினிமாவின் வெடிப்பும் பூகம்பமும்தான். வாரத்தில் பாதி நாள் பாட்டு, சனிக்கிழமை ஒரு படம் என்று வாழும் வீட்டுக்கு 28 ஹெர்ட்ஸ் வரை உறுதியாக வந்தால் எதையும் இழந்ததாகத் தெரியாது. 28இலிருந்து 20க்கு இறங்க இரண்டு மடங்கு காற்று வேண்டும். பட்ஜெட்டில் அந்த அரை ஸ்தாயிதான் மிக விலை உயர்ந்த பகுதி. அதை விட்டுவிட்டால் நாற்பதாயிரம் திடீரென்று கௌரவமான தொகையாகிவிடுகிறது.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தெருமுனையில் மைக் செட் வாடகைக்கு விடுபவர் இருக்கிறார்; அவரிடம் பழைய பதினெட்டங்குலப் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, ஆம்ப்ளிஃபயரோடு நம் பட்ஜெட்டில் பாதிதான். கோவில் திருவிழாவில் ஒரு மைதானத்தையே அதிரவைக்கும் பெட்டி, ஒரு ஹாலை அதிரவைக்காதா? கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, யோசனையை நான் உடனே தள்ளிவிடவும் இல்லை. மைக் செட் பெட்டிகள் ஹாஃப்மன் விதியில் வேறு இரண்டைத் தேர்ந்தெடுத்தவை: திறன் அபாரம், பெட்டி ஓரளவுக்குள், ஆழம் குறைவு. பெரும்பாலானவை 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கைவிட்டுவிடும். அதற்கு மேலே அவற்றோடு வீட்டுச் சப்வூஃபர் எதுவும் போட்டிபோட முடியாது. மத்தளமும் பறையும் பாஸ் கிட்டாரும் கேட்டு மகிழ மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். ஒலியைத் தவிர இரண்டு தடங்கல்கள்: ஆம்ப்ளிஃபயரின் குளிர்விக்கும் விசிறி ஓயாமல் இரையும், பெட்டியின் உருவத்தைப் பார்த்துவிட்டு என் தங்கை, “இது உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன்” என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

சொந்தமாகப் பெட்டி செய்வதைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், பத்தாண்டுக்குப் பிறகு ரிச்சர்ட் ஸ்மாலும் எழுதிவைத்த சூத்திரங்களால் வூஃபரின் சில எண்களைக் கொடுத்தாலே பெட்டி அளவும் துளை நீளமும் கணக்கில் வந்துவிடும். வின்ஐ.எஸ்.டி. என்ற இலவச மென்பொருள் அந்தக் கணக்கைப் போட்டுத் தரும். வூஃபரும் ஆம்ப்ளிஃபயர் பலகையும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், பெட்டிக்கு ஊரிலேயே தச்சர் இருப்பார். அதே பணத்தில் கூடுதல் ஒலி கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் தச்சர் கட்டில் செய்கிற பழக்கத்தில் மூட்டுகளில் நூலளவு இடைவெளி விட்டுவிட்டால் பெட்டி விசிலடிக்கும். கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும். செய்வதில் சுகம் காண்பவர்கள் செய்யலாம். மாப்பிள்ளை அந்த ரகம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாதது, பெட்டி இருக்கும் இடம். திரையரங்குக்கான அளவுகோலில் தாழ்ந்த ஒலிக்கென்று உள்ள தனித்தடத்தின் உச்சம் 115 டெசிபெல். வீட்டில் அந்த அளவில் யாரும் கேட்பதில்லை. 15 டெசிபெல் குறைத்து வைத்தாலே மாமியார் மாடிக்குப் போய்விடுவார். ஆக நமக்கு வேண்டியது உட்காரும் இடத்தில் 100 டெசிபெல். நம் 0.6 லிட்டர் பன்னிரண்டங்குலத்தை எடுத்துக்கொள்வோம். துளையின் உதவியும் சுவரின் உதவியும் இல்லாமல், தரையில் வைத்த பெட்டியாக மட்டும் கணக்குப் போட்டால், 28 ஹெர்ட்ஸில் ஒரு மீட்டரில் அது 102 டெசிபெல் தரும். டி.வி. பக்கத்தில் வைத்தால் சோபாவுக்கு 14 அடி. அங்கே வந்து சேர்வது 89. அதே பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால், காதிலிருந்து மூன்றடியில் வைத்தால் 103. இந்தப் பதினான்கு டெசிபெல்லை வாட்டில் வாங்குவதென்றால் இருபது மடங்குக்கும் மேல் சக்தி வேண்டும். உண்மையான அறையில் சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலி தூரத்திலும் சேர்ந்துகொள்வதால் வித்தியாசம் இவ்வளவு அப்பட்டமாக இருக்காது. ஆனாலும் அறை திறந்திருக்கத் திறந்திருக்க இந்தக் கணக்கை நெருங்கிக்கொண்டே போகும். ஒன்பதாயிரம் கன அடியை நிரப்பும் வேலையை விட்டுவிட்டு, மூன்று பேர் உட்காரும் சோபாவை மட்டும் கவனித்தால் போதும் என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

பின்னாலிருந்து சத்தம் வருவது தெரியாதா என்பார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வீட்டுக்குள் நம் காதால் பிரித்துச் சொல்ல முடியாது. ரிசீவரில் கிராஸ்ஓவரை, அதாவது எந்தச் சுருதிக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80இல் வைக்கச் சொல்வது அதற்காகத்தான். பெட்டி துளை வழியே ஊதினாலோ, கோன் எல்லையைத் தாண்டித் தட்டினாலோ அந்தச் சத்தத்தில் உயர்ந்த சுருதிகள் இருக்கும். அப்போது இடம் தெரிந்துவிடும். ஆகவே அருகில் வைக்கும் பெட்டியை அதன் சக்திக்குள் ஓட்ட வேண்டும். துளைக்கும் சோபா முதுகுக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். ரிசீவரில் தூரம் என்ற இடத்தில் உண்மையான மூன்றடியைப் போட வேண்டும், இல்லாவிட்டால் முன் ஸ்பீக்கரும் பின் பெட்டியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் என்னிடமிருந்த பழைய பத்தங்குலப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போனேன். எந்தப் பெட்டியானாலும் சரி, கடன் வாங்கியாவது அறையை ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட வேண்டும். முதலில் டி.வி.யின் மூலையில் வைத்தேன். 24 அடி நீளச் சுவர்களுக்கு நடுவே 24 ஹெர்ட்ஸிலும் 48 ஹெர்ட்ஸிலும் நிலையலை, அதாவது சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் காணாமலும் போகிற அலை, நிற்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அகலத்தில் 16 அடிக்கு 35 ஹெர்ட்ஸ் வர வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் சுவரே இல்லாததால் அது தட்டுப்படவில்லை. 48 ஹெர்ட்ஸ் ஒலியை விடாமல் ஓடவிட்டேன். சோபாவில் உட்கார்ந்தால் காது பின்சுவரிலிருந்து சரியாக ஆறடி, அதாவது நீளத்தில் கால் பங்கு. ஒலி இல்லை. பெட்டியின் கோன் துடிப்பதைக் கண்ணால் பார்க்கிறோம், சமையலறையில் தங்கைக்குக் கேட்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை. உடம்பைப் பின்னால் சாய்த்தால் கொஞ்சம் வருகிறது. எழுந்து சுவரோடு போய் நின்றால் காது அடைக்கிற அளவுக்கு முழங்குகிறது. டிரம் மிதிக்கும் அடியும் பாஸ் கிட்டாரின் கீழ்ப் பகுதியும் வாழ்கிற இடம் அந்த 48. ஒரு லட்ச ரூபாய்ப் பெட்டி வாங்கி அதே மூலையில் வைத்திருந்தாலும் அந்தச் சோபாவில் அவை கேட்டிருக்கப் போவதில்லை. சோபாவை இரண்டடி பின்னுக்கு இழுத்து, பெட்டியை அதன் முதுகுக்குக் கொண்டுபோனோம். பாட்டுக்கு அடித்தளம் வந்துவிட்டது.

சோபாவை நகர்த்த வழியில்லாத வீடுகளில் வேறு வழி உண்டு. பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் இடத்திலேயே வைத்துவிட்டு, பாஸ் கிட்டார் நன்றாக நடக்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாக முட்டிபோட்டு ஊர்ந்து கேட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே எல்லாச் சுருதியும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே பெட்டிக்கு இடம். வீட்டில் பெரியவர்கள் இல்லாத நேரமாகச் செய்வது நல்லது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவு திருத்திய மைக் ஒன்றும் கிடைத்தால் ஊர வேண்டியதில்லை, திரையில் கோடாகவே தெரிந்துவிடும். அந்த மைக்கை நண்பரிடம் இரவல் கேளுங்கள். செல்பேசியின் மைக் தாழ்ந்த சுருதியில் பொய் சொல்லும்.

ஒன்றா, இரண்டா என்ற கேள்வியில் மட்டும் எனக்கு இன்னும் முழு முடிவு வரவில்லை. ஹார்மன் கம்பெனியில் டாட் வெல்டி 2002இல் இதை முறையாக ஆராய்ந்து, செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு பெட்டிகள் வைத்தால் இருக்கைக்கு இருக்கை ஒலி மாறுவது வெகுவாகக் குறையும் என்று காட்டினார். தங்கை வீடு செவ்வகம் இல்லை, அந்த முடிவை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. காற்றுக் கணக்கில் இரண்டு பத்தங்குலம் ஒரு பன்னிரண்டைவிட மேல், 680க்கு 500. ஆனால் இந்தப் பட்ஜெட்டில் இருபதாயிரத்துக்கு ஒன்றாக இரண்டு பத்தங்குலம் வாங்கினால், இரண்டுமே 35 ஹெர்ட்ஸில் நின்றுவிடும் பெட்டிகளாக இருக்கும். எண்ணிக்கை கூடினால் சத்தம் கூடுமே தவிர, பெட்டி இறங்காத ஆழத்துக்கு இறங்கிவிடாது. முழுத் தொகைக்கும் ஒரு நல்ல பெரிய துளைப் பெட்டி. இரண்டாவது, பணம் சேரும்போது. சவுண்ட்பாரோடு வருகிற ஆறரை அங்குலப் பெட்டிகளைப் பற்றி நான் பேசவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வாங்கியது துளை வைத்த பன்னிரண்டங்குலம், இருபது கிலோவுக்கு மேல் எடை, கோனைச் சுற்றி ரப்பர் விளிம்பு. ஃபோம் விளிம்பு நம் வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். பழைய பெட்டி வாங்குபவர்கள் முதலில் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டியது அதைத்தான். அடுத்து, இரண்டு கைகளாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். உரசல் கேட்டால் உள்ளே கோனை அசைக்கும் கம்பிச் சுருள் போய்விட்டது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டியில் 120 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் நம் 230இல் செருகவே கூடாது. மாடல் பெயரை நான் எழுதாததற்குக் காரணம், இந்தச் சந்தையில் ஒரு மாடலும் அதன் விலையும் ஆறு மாதம் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பதுதான்.

பெட்டி வந்த அன்று ஒரே இரைச்சல், விடாத 50 ஹெர்ட்ஸ் முனகல். கேபிள் டி.வி.யின் ஒயரைக் கழற்றியதும் நின்றது. எர்த் இரண்டு வழியாகச் சுற்றினால் இப்படி வரும். அதற்குப் பயந்து பிளக்கின் மூன்றாவது முள்ளைப் பிடுங்கிவிடும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அனுமதிக்காதீர்கள், உயிர் விஷயம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்ட்டிலிருந்து எடுத்து, கேபிள் ஒயருக்கு நடுவில் தனிமைப்படுத்தும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை மாட்டினோம். துளைக்கு உள்பக்கமாக மெல்லிய நைலான் வலை ஒட்டினேன், பல்லிக்காக. வலை நெருக்கமாக இருந்தால் காற்று ஊதும் சத்தம் வரும், கண் பெரிதாக இருக்கட்டும். பிறகு 20லிருந்து 80 வரை ஒலியை மெல்ல ஏற்றிக்கொண்டே போனபோது கண்ணாடி அலமாரிக் கதவு, சாமி படத்தின் சட்டம், ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு விளக்கு, சமையலறையில் எவர்சில்வர் மூடிகள் என்று ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கின. ஃபெல்ட் துண்டுகளோடு அரை நாள் போயிற்று. நடுக்கத்தில் பாதி பெட்டியின் குற்றம் என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது பெட்டி வாங்கினால் அதே மாடலாக இருப்பது உத்தமம். கிடைக்காவிட்டால் துளை ஏறக்குறைய அதே சுருதியில் இசைந்த வேறு பெட்டியாவது வேண்டும். மூடிய பெட்டியையும் துளைப் பெட்டியையும் சேர்த்து ஓட்டினால் கீழ்ச் சுருதிகளில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த இரண்டாவது பெட்டி டி.வி. சுவரின் வலது மூலைக்குப் போகும். அங்கே இப்போது பிளக் பாயிண்ட் இல்லை. ஹாலுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒயரை இழுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.